சிமென்ட் தொட்டியா, தகட்டு அடுக்கா, டாஃபா? எண்ணெய்த் துளியின் அளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

வாகன சர்வீஸ் சென்டர், லேத் பட்டறை, எண்ணெய்ப் பலகாரம் தயாரிக்கும் கூடம் என்று எண்ணெய் கலந்த தண்ணீர் வெளியேறும் எந்த இடத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான்: "மணிக்கு 2,000 லிட்டர் கழிவுநீர் வருகிறது, எந்த ஆயில் செபரேட்டர் வாங்கலாம்?"

கேள்வியில் பாதித் தகவல்தான் இருக்கிறது. மணிக்கு எத்தனை லிட்டர் என்பது கருவி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லும். எந்த வகைக் கருவி என்பதைச் சொல்வது, தண்ணீருக்குள் எண்ணெய் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துளிகளாக இருக்கிறது என்பதுதான். 150 மைக்ரான் துளிகளாக வந்தால் மூன்று அறை சிமென்ட் தொட்டியே போதும். அதே எண்ணெய் 5 மைக்ரானாக நொறுங்கி வந்தால், அந்தத் தொட்டிக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே வெளியே போய்விடும்.

## முதலில் அளவுகோல்கள்

துளி அளவு. தண்ணீரில் எண்ணெய்த் துளி மேலே ஏறும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து மாறும். இது ஸ்டோக்ஸ் விதி. விட்டம் பாதியானால் வேகம் கால் பங்காகிவிடும். தண்ணீர் 30 டிகிரி, எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் அடர்த்தி வேறுபாடு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டால், ஒரு மீட்டர் உயரம் ஏற ஆகும் நேரம் இது:

| துளியின் விட்டம் | 1 மீட்டர் ஏற ஆகும் நேரம் |
|---|---|
| 150 மைக்ரான் | சுமார் 11 நிமிடம் |
| 60 மைக்ரான் | சுமார் 1 மணி 8 நிமிடம் |
| 20 மைக்ரான் | சுமார் 10 மணி நேரம் |
| 10 மைக்ரான் | சுமார் 41 மணி நேரம் |
| 5 மைக்ரான் | கிட்டத்தட்ட 7 நாள் |
| 1 மைக்ரான் | சுமார் 170 நாள் |

கடைசி மூன்று வரிகள் காகிதத்தில் மட்டுமே உண்மை. தொட்டியின் ஒரு பக்கம் வெயில் பட்டாலே தண்ணீர் உள்ளுக்குள் சுழலும்; அந்தச் சுழற்சியின் வேகம் இந்தத் துளிகள் ஏறும் வேகத்தைவிட அதிகம். கறந்த பாலில் ஆடை மேலே திரள்வதும், கொழுப்புத் துளிகளை ஒரு மைக்ரானுக்கும் கீழே நொறுக்கிய ஹோமோஜினைஸ்டு பாலில் அது திரளாததும் இதே கணக்கால்தான்.

டீசல் இலேசானது என்பதால் மேலே சொன்னதைவிட வேகமாக ஏறும். ஃபர்னஸ் ஆயிலின் அடர்த்தி தண்ணீரை நெருங்குவதால் இரண்டு மடங்குக்கு மேல் நேரம் எடுக்கும். தண்ணீரைச் சூடாக்கினால் வேகம் கூடும்தான். ஆனால் 30 டிகிரியை 50 ஆக்கினால் கிடைப்பது ஒன்றரை மடங்குகூட இல்லை. துளியை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் நான்கு மடங்கு கிடைக்கும். ஹீட்டருக்குப் பணம் போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

சோப்பு. வாட்டர் வாஷ் ஷாம்பு, டிகிரீஸர், பாத்திரம் துலக்கும் திரவம் எல்லாம் துளியைச் சுற்றி ஒரு உறைபோல் படிந்து, இரண்டு துளிகள் மோதினாலும் ஒட்டவிடாமல் தடுக்கும்.

மண். நுண்ணிய களிமண் துளியின்மேல் ஒட்டினால் எண்ணெயின் இலேசும் மண்ணின் கனமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அந்தத் துளி மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது.

எட்ட வேண்டிய அளவு. சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், 1986-இன் பொது அளவுகளின்படி எண்ணெய், கிரீஸ் இரண்டும் சேர்த்து, நீர்நிலையில் விட லிட்டருக்கு 10 மி.கி., பொதுப் பாதாளச் சாக்கடையில் விட 20 மி.கி., நிலத்தில் பாய்ச்ச 10 மி.கி. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குத் தந்த இசைவாணையில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

உச்ச ஓட்டம். நாள் சராசரியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும் பிரஷர் வாஷர் இரண்டு ஒரே நேரத்தில் ஓடினால் மணிக்கு 1,800 லிட்டர். அதற்கு மேல் மழை இருக்கிறது. 100 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 50 மி.மீ. பெய்தால் 5,000 லிட்டர். அது செபரேட்டருக்குள் வந்தால் சேர்ந்திருக்கும் எண்ணெயையும் வாரிக்கொண்டு போய்விடும். மழைநீருக்குத் தனி வடிகால் இல்லாமல் எந்தக் கருவியை வாங்கியும் பயனில்லை.

## உங்கள் தண்ணீரில் துளி எவ்வளவு பெரிது?

லேசர் கருவி வேண்டாம். 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் அரை மீட்டர் நீளத்துக்கு மூன்று துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றின் அடியையும் மூடியால் அடையுங்கள். உள் அடியிலிருந்து 300 மி.மீ. உயரத்தில் ஒரு சிறு குழாய்த் திருகு பொருத்துங்கள். மூன்றையும் ஒரே நேரத்தில், 450 மி.மீ. உயரம் வரை, சாய்த்துப் பிடித்து மெதுவாக நிரப்புங்கள். முதல் குழாயிலிருந்து 30 நிமிடத்திலும், இரண்டாவதிலிருந்து 2 மணி நேரத்திலும், மூன்றாவதிலிருந்து 24 மணி நேரத்திலும் திருகின் வழியாக அரை லிட்டர் எடுத்து எண்ணெய்–கிரீஸ் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நிரப்பும்போதே எடுத்த நான்காவது மாதிரியும் ஒன்று வேண்டும்.

கணக்கு இதுதான். திருகுக்குக் கீழே 300 மி.மீ. தண்ணீர் இருக்கிறது. 30 நிமிடத்தில் 50 மைக்ரானுக்கு மேற்பட்ட துளி எல்லாம் திருகைத் தாண்டி மேலே போயிருக்கும். 2 மணி நேரத்தில் 25 மைக்ரானுக்கு மேற்பட்டவை. 24 மணி நேரத்தில் 7 மைக்ரானுக்கு மேற்பட்டவை. ஆக, அந்தந்த நேரத்தில் மிஞ்சியிருக்கும் எண்ணெய், அந்தந்த அளவுக்கும் கீழான துளிகளில் இருக்கும் எண்ணெய்.

தவறு நேரும் இடங்கள் இரண்டு. மாதிரியைக் குழாயின் அடியிலிருந்து எடுத்தால் அடித் தண்ணீர் எப்போதும் தெளிவாகவே இருக்கும். முடிவு உங்களுக்குச் சாதகமாகப் பொய் சொல்லும். இரண்டாவது, மாதிரித் தண்ணீரைப் பம்புக்கு முன்னால் பிடித்துவிட்டுச் செபரேட்டரைப் பம்புக்குப் பின்னால் வைப்பது. கருவிக்குள் போகப்போகும் அதே தண்ணீரைத்தான் சோதிக்க வேண்டும். மாதிரியை வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே கொண்டுவந்து அனுப்புங்கள். பிளாஸ்டிக் பாட்டிலின் சுவரில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு அறிக்கையில் குறைவாக வரும்.

## 1. ஈர்ப்புத் தொட்டி

மூன்று அறை சிமென்ட் தொட்டியும், சுத்திகரிப்பு ஆலைகளில் ஏ.பி.ஐ. தொட்டி என்று சொல்வதும் ஒரே கொள்கைதான். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வடிவமைப்பு முறை 150 மைக்ரான் துளியைக் குறியாக வைத்தது. அதற்குச் சிறியதைப் பிடிக்கும் என்று யாராவது சொன்னால், எவ்வளவு பரப்பில் என்று கேளுங்கள்.

ஆழத்தைவிட மேற்பரப்புதான் முக்கியம். மணிக்கு 2,000 லிட்டருக்கு, ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்து, 150 மைக்ரானுக்கு அரை சதுர மீட்டருக்குச் சற்று மேல் போதும். 60 மைக்ரானுக்கு சுமார் 3.4 சதுர மீட்டர். 20 மைக்ரானுக்கு 31 சதுர மீட்டர். அதாவது இரண்டு கார் நிறுத்துமிடத்துக்கும் மேல்.

மின்சாரம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம், மண் வந்தாலும் பொறுக்கும். மறைந்திருக்கும் செலவு ஆள்தான். மேலே சேரும் எண்ணெயை வடிக்காமல் விட்டால் அடுக்கு தடித்து, தடுப்புச் சுவருக்கு அடியில் புகுந்து வெளியேறிவிடும். அடியில் மண் தேங்கினால் தண்ணீர் ஓடும் இடம் குறுகி வேகம் கூடும். வெளியேறும் வாயில் கீழ்நோக்கிய டி-வளைவு இல்லாத தொட்டிகள் இன்னும் கட்டப்படுகின்றன. அவற்றில் முதலில் வெளியே போவதே மிதக்கும் எண்ணெய்தான்.

பொருந்துவது: சோப்பில்லாத தண்ணீர், சரிவில் தானாக ஓடிவரும் அமைப்பு, டீசல் நிரப்பும் தளம். மற்ற எல்லாக் கருவிகளுக்கும் முன்னால் நிற்கும் முதல் கட்டமாகவும் இதுவே சரி.

## 2. தகட்டு அடுக்கு

தொட்டிக்குள் சாய்வான தகடுகளை அடுக்கினால், துளி ஒரு மீட்டர் ஏற வேண்டியதில்லை. அடுத்த தகட்டின் அடிப்பக்கம் வரை, 20 முதல் 40 மி.மீ. ஏறினால் போதும். அங்கே ஒன்றுசேர்ந்து பெருத்து, தகட்டோடு ஊர்ந்து மேலே வரும். டி.பி.ஐ., சி.பி.ஐ. என்று விற்பவை இவைதான். வழக்கமான வடிவமைப்புக் குறி 60 மைக்ரான்.

தகட்டை 45 முதல் 60 டிகிரி சாய்ப்பது மண் கீழே வழுக்கி விழுவதற்காக. 60 டிகிரியில் தகட்டின் பரப்பில் பாதிதான் கணக்குக்கு உதவும். 20 மி.மீ. இடைவெளியில் ஒரு கன மீட்டர் அடுக்கில் சுமார் 25 சதுர மீட்டர் பயனுள்ள பரப்பு கிடைக்கிறது. எனவே நம் 2,000 லிட்டருக்கு 60 மைக்ரான் என்றால் 0.14 கன மீட்டர் அடுக்கு; 20 மைக்ரான் என்றால் ஒன்றேகால் கன மீட்டர். 31 சதுர மீட்டர் தொட்டி ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது. காசுக்கேற்ற பலன் என்றால் இந்தப் பட்டியலில் இதுதான் முதலிடம்.

ஆனால் 20 மி.மீ. இடைவெளியில் சேறு அடைத்தால் ஒரு சில வழிகளில் மட்டும் தண்ணீர் பாயும்; மற்ற தகடுகள் சும்மா நிற்கும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது, அறிக்கையில்தான் தெரியும். முன்னால் மண் தொட்டி கட்டாயம். அடுக்கை மேலே தூக்கிக் கழுவ வேண்டும் என்பதால் அதன் உயரத்துக்குச் சமமான வெற்றிடம் தலைக்கு மேலே வேண்டும். ஒரு சங்கிலிக் கப்பியும் வேண்டும். தாழ்வான தகரக் கூரைக்குக் கீழே நிறுவிவிட்டு, அடுக்கைத் தூக்கவே முடியாமல் தவிப்பது சகஜம். கழுவிய தண்ணீர் திரும்பவும் மண் தொட்டிக்கே போக வேண்டும்.

பொருந்துவது: இடம் குறைவு, சோப்பு குறைவு, சோதனையில் 30 நிமிட மாதிரிக்குள் பெரும்பகுதி எண்ணெய் பிரிந்துவிட்ட தண்ணீர்.

## 3. கோயலசர்

பாலிப்ரொப்பிலீன் வலையோ இழைப் பஞ்சோ எண்ணெயை ஈர்த்துப் பிடித்து, சிறு துளிகளைச் சேர்த்துப் பெரிதாக்கி விடுவிக்கும். 20 மைக்ரான் வரை நம்பலாம். நுண்ணிழைக் கார்ட்ரிட்ஜ் அதற்கும் கீழே போகும், ஆனால் அது மண்ணைச் சற்றும் தாங்காது.

இங்கே ஒரு சான்றிதழ் விவகாரம் உண்டு. ஐரோப்பாவின் இ.என். 858 தரத்தில் முதல் வகுப்பு என்றால் வெளியேறும் நீரில் லிட்டருக்கு 5 மி.கி. எண்ணெய். விற்பவர் அந்த எண்ணைக் காட்டுவார். அந்தச் சோதனை இலேசான எரியெண்ணெயைச் சுத்தமான தண்ணீரில் விட்டு நடத்துவது. சோப்பு கலந்த பால்மம் (எண்ணெய் நுண்துளிகளாகப் பிரியாமல் கலந்து நிற்கும் நீர்) அதில் சேர்த்தி இல்லை. ஷாம்புத் தண்ணீருக்கு அந்த 5 எந்த உத்தரவாதமும் தராது. கப்பல் துறையில் இதே சிக்கல் வந்தபோது, 2005 முதல் பொருத்தப்படும் 15 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 15 பங்கு) கருவிகள் பால்மக் கலவையிலும் தேற வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு சோதனை முறையையே மாற்றியது.

மறைச் செலவு: கார்ட்ரிட்ஜ் மாற்றம். எண்ணெய் தோய்ந்த பழைய கார்ட்ரிட்ஜை நகராட்சிக் குப்பையில் போட முடியாது.

பொருந்துவது: சோப்பே இல்லாத நீர், கம்ப்ரசர் கண்டன்சேட் (ஏர் கம்ப்ரசரில் குளிர்ந்து சேரும் நீர்), தகட்டு அடுக்குக்குப் பின்னால் மெருகு கட்டமாக.

## 4. டாஃப்: காற்றுக் குமிழி மிதப்பு

துளி தானாக ஏறாவிட்டால் குமிழியோடு ஒட்டி ஏற்றிவிடுவது. சுத்தமாகி வெளிவரும் நீரில் ஒரு பங்கைத் திருப்பி எடுத்து 4 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்றைக் கரைத்து, தொட்டிக்குள் திறந்துவிட்டால் 30 முதல் 100 மைக்ரான் குமிழிகள் வரும். திறக்கும் இடத்தில் தண்ணீர் பால்போல் வெளுக்க வேண்டும். கண்ணுக்குத் தனித்தனியாகக் குமிழி தெரிந்தால் அழுத்தம் போதவில்லை, அல்லது வால்வு தேய்ந்துவிட்டது. பெரிய குமிழி திரளை உடைக்கும், தூக்காது.

பத்து மைக்ரானுக்குக் கீழான துளிக்கு வெறும் குமிழி போதாது. முதலில் பாலி அலுமினியம் குளோரைடோ படிகாரமோ போட்டு உறையை உடைத்து, பாலிமரால் திரட்ட வேண்டும். அளவு ஜார் டெஸ்டில்தான் தெரியும். ஒரு சதவீதக் கரைசலில் 1 மி.லி.யை ஒரு லிட்டரில் விட்டால் 10 மி.கி. ஆறு பீக்கரில் 20, 40, 60, 80, 120, 160 மி.கி. என்று போடுங்கள், ஒரு நிமிடம் வேகமாகவும் பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்குங்கள். பி.எச். 6.5 முதல் 7.5-க்குள் நிற்கட்டும். அளவு கூடினால் தெளிவும் கூடும் என்பதில்லை. ஒரு கட்டத்துக்குமேல் துளிகள் எதிர் மின்னேற்றம் பெற்று மறுபடி கலங்கும். ஷாம்பு பிராண்டை மாற்றினால் டெஸ்டையும் மறுபடி செய்ய வேண்டும்.

மறைச் செலவு ரசாயனம் என்று பலர் நினைப்பார்கள். லிட்டருக்கு 100 மி.கி. வீதம் நாளுக்கு 10,000 லிட்டருக்கு ஒரு கிலோ பொடிதான். உண்மைச் செலவு நுரைச் சகதி. எண்ணெய், மண், ரசாயனத் திரள் சேர்ந்து லிட்டருக்கு 500 மி.கி. என்று கொண்டால் நாளுக்கு 5 கிலோ உலர் எடை. அது 3 சதவீதத் திடப்பொருளாக வழிந்து வரும்போது சுமார் 165 லிட்டர். மாதம் 26 வேலை நாளில் நாலாயிரம் லிட்டருக்கு மேல். அபாயகரக் கழிவு விதிகள், 2016-இன்படி அதைச் சேமித்து, பதிவேட்டில் ஏற்றி, அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க முடியும். உலர்த்தும் மேடையோ வடிபையோ முதலீட்டுக் கணக்கில் இல்லாத டாஃப் விலைப்பட்டியல் அரைகுறை விலைப்பட்டியல்.

பொருந்துவது: ஷாம்புப் பயன்பாடு தவிர்க்க முடியாத பெரிய சர்வீஸ் சென்டர், உணவுத் தயாரிப்பு ஆலை. தினமும் ஓட்ட ஒரு பயிற்சி பெற்ற ஆள் இருக்கும் இடம்.

## 5. அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்

லேத், சி.என்.சி. இயந்திரங்களின் பால்நிறக் கூலன்ட் வேண்டுமென்றே நிலையாக இருக்கும்படி செய்த பால்மம். மாதக் கணக்கில் பிரியாமல் இருப்பதற்குத்தானே அதை வாங்குகிறோம். தொட்டியில் விட்டால் மட்டும் எப்படிப் பிரியும்? 0.01 முதல் 0.1 மைக்ரான் துளையுள்ள சவ்வு அதை வடிகட்டும். ஐந்து சதவீத எண்ணெயுள்ள 1,000 லிட்டர் பழைய கூலன்ட், 100 முதல் 125 லிட்டர் அடர்த்தியான எஞ்சலாகச் சுருங்கும்.

சவ்வுக்குள் மிதக்கும் எண்ணெய் நுழையவே கூடாது. இயந்திரத்திலிருந்து சொட்டும் டிராம்ப் ஆயிலை பெல்ட் ஸ்கிம்மரால் முன்பே எடுக்காவிட்டால் சவ்வு அடைபடும்; காரச் சோப்பால் அடிக்கடி கழுவ நேரும், ஆயுளும் குறையும். வடிந்து வரும் தெளிந்த நீரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எண்ணெய் இருக்காது, கரைந்த அமீன்கள், கிருமிக்கொல்லிகள் இருக்கும், சி.ஓ.டி. (நீரின் மாசைக் காட்டும் ரசாயன ஆக்சிஜன் தேவை) உயர்ந்தே இருக்கும். அதற்குப் பின்னால் உயிரியல் சுத்திகரிப்பு வேண்டும்.

மூன்று மாதத்துக்கு 500 லிட்டர் பழைய கூலன்ட் வரும் பட்டறை இதை வாங்கவே வேண்டாம். பீப்பாயில் சேர்த்து அனுமதி பெற்ற நிறுவனத்திடம் கொடுப்பது மலிவு. கந்தக அமிலம் விட்டு பி.எச். 2–3-க்கு இறக்கி உடைக்கும் பழைய வழியும் வேலை செய்யும். நடுநிலையாக்கும்போது உப்பு ஏறும், அமிலத்தைக் கையாளும் ஆபத்தும் உண்டு.

தண்ணீரைச் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன், தட்டடுக்கு சென்ட்ரிஃபியூஜ் இரண்டும் சிறு நிறுவனத்துக்கான தேர்வு அல்ல. முன்னது கடல் எண்ணெய் மேடைகளில் 10–20 மைக்ரான் துளியைப் பிரிக்கிறது, ஆனால் அதற்கு வேண்டிய அழுத்தம் அங்கே கிணற்றிலிருந்தே கிடைக்கிறது. அந்த அழுத்தத்தை நீங்கள் பம்பு வைத்துக் கொடுத்தால் பம்பே துளியை நொறுக்கிவிடும்.

## ஒரே பார்வையில்

| வகை | நம்பத்தக்க துளி அளவு | எது கெடுக்கும் | எங்கே பணம் கரையும் |
|---|---|---|---|
| ஈர்ப்புத் தொட்டி | 150 மைக்ரானும் மேலும் | மழைநீர், வடிக்காத எண்ணெய் | இடம், ஆள் |
| தகட்டு அடுக்கு | 60. பெரிய அடுக்கில் 20 | சேறு, சோப்பு | கழுவுதல், தூக்கும் வசதி |
| கோயலசர் | 20 | சோப்பு, நுண்மண் | கார்ட்ரிட்ஜ் |
| டாஃப், ரசாயனத்தோடு | 10-க்குக் கீழும் | மாறும் ஷாம்பு, தவறான பி.எச். | சகதி அகற்றல் |
| அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் | ஒரு மைக்ரானுக்குக் கீழும் | மிதக்கும் எண்ணெய் | சவ்வு, மின்சாரம் |

## சோதனை முடிவை வைத்து

30 நிமிட மாதிரியே இசைவாணை அளவுக்குள் வந்தால் தகட்டு அடுக்கு போதும், நிறுத்திக்கொள்ளுங்கள். 2 மணி நேர மாதிரியில்தான் வந்தால் அடுக்கைப் பெரிதாக்குங்கள், சோப்பு இல்லையென்றால் கோயலசரைச் சேருங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகும் அளவுக்கு மேல் நின்றால் ஈர்ப்பை நம்பிய எதுவும் உதவாது. டாஃப் அல்லது சவ்வு.

அப்போதும் உடனே டாஃபுக்கு ஆர்டர் கொடுக்காமல், துளி எங்கே நொறுங்குகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் குற்றவாளி, குழியிலிருந்து செபரேட்டருக்குத் தள்ளும், நிமிடத்துக்கு 2,900 சுற்று சுழலும் மோனோபிளாக் பம்புதான். செபரேட்டரைத் தாழ்வாக வைத்துத் தண்ணீர் தானாகப் பாயும்படி செய்து, பம்பைப் பின்னால் தள்ளுங்கள். முடியாவிட்டால் ஸ்க்ரூ பம்போ டயாஃப்ரம் பம்போ போடுங்கள். வால்வைப் பாதி மூடி ஓட்டத்தைக் குறைப்பதும் துளியை நொறுக்கும். தண்ணீர் மேலிருந்து குழிக்குள் கொட்டினாலும் அப்படித்தான். உள்வரும் குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும். ஷாம்புவை, சிறிது நேரத்தில் எண்ணெயைத் தானே விட்டுவிடும் வகைக்கு மாற்றி, கலவை அளவைப் பாட்டிலில் உள்ளபடி அளந்து ஊற்றச் சொல்லுங்கள். அதன்பின் மூன்று குழாய்ச் சோதனையை மறுபடி செய்துவிட்டு, அந்த எண்களோடு விற்பனையாளரை அழையுங்கள். விலைப்பட்டியலில் "மணிக்கு 2,000 லிட்டர்" என்பதோடு எத்தனை மைக்ரானுக்கு, எந்த அடர்த்தி எண்ணெய்க்கு, சோப்பு இருக்கும்போதா இல்லாதபோதா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.